பன்மைப் பாடமும் முதல் பெஞ்சுப் பிள்ளையும்

அன்று என் தங்கை பள்ளிக்கு எடுத்துப்போன துணிப்பையில் இருந்தவை: மேசை துடைக்கும் துணிகள், தைத்து முடித்த ஒரு சிறுபிள்ளைச் சட்டை, அத்தாவின் பழைய மூக்குக் கண்ணாடி, இரண்டு டீ கிளாஸ், எங்கள் துணிக்கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ரிப்பேரான மவுஸ், முந்தின நாள் செய்தித்தாள், ஒரு லாரியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட் ஆகியவற்றின் ஜெராக்ஸ். கடைக்கு எதிரே வண்டி நிறுத்தும் டிரைவரிடம் அந்த ஜெராக்ஸைக் கேட்டு வாங்கியிருந்தாள். "எதுக்குங்க டீச்சர்?" என்று கேட்டார். பி.எட். படித்தவள் என்பதால் வேலை கிடைக்கும் முன்பே ஊர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். "இங்கிலீஷ் பாடத்துக்குங்க" என்றாள். "என்ற வண்டி பேப்பர்ஸ்ல இங்கிலீஷ் படிச்சா புள்ளைங்க செக்போஸ்ட்டத் தாண்டவே தாண்டாதுங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அவர் பேப்பர் என்று சொல்லவில்லை, பேப்பர்ஸ் என்றார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாக்கா? பாடம் ஏற்கெனவே ரோட்டுலதான் கெடக்குது" என்றாள்.

எங்கள் ஊர் வாளையார் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. வீட்டில் எங்களுக்குத் தமிழ்; அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் துணிக்கடையில், வருகிறவர் பேசும் மொழி எதுவோ அது. ஊர்ப் பள்ளியில் மலையாள டிவிஷன், தமிழ் டிவிஷன் என்று இரண்டு உண்டு. லாரி ஓட்டுகிறவர்கள், சிமென்ட் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள், கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் என்று பலருடைய பிள்ளைகள் தமிழ் டிவிஷனில் படிக்கிறார்கள். நாங்கள் இருவரும் படித்தது அங்கேதான். நான் பிறகு கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் செய்தி டெஸ்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் ஆங்கிலத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டுக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தாள். வெளியூரில் வேலை வந்தபோதெல்லாம் "நம்ம பள்ளிக்கூடத்துல எடம் வரட்டும்" என்று மட்டும் சொல்வாள். வேறு விளக்கம் கொடுத்ததில்லை.

இந்த வருடம் இடம் வந்தது. தமிழ் டிவிஷனுக்கு ஆங்கில ஆசிரியை, தினவேதனத்துக்கு, அதாவது நாள் சம்பளத்துக்கு. இன்டர்வியூ உண்டு, அதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு. தலைப்பைப் பள்ளியிலிருந்தே போனில் சொன்னார்கள். ஆங்கிலச் சொற்களின் பன்மை. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது பன்மை எப்படி மாறுகிறது என்பதை ஆறாம் வகுப்புக்கு நடத்திக் காட்ட வேண்டும்.

அவள் பாடத்தைக் கடையிலேயே தயாரித்தாள். அத்தாதான் முதல் மாணவர்.

"கிளாத் ஒண்ணு, கிளாத்ஸ் ரெண்டு. இதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்கு?" என்றார் அவர்.

"நீங்க மீட்டர்ல அளந்து வெட்டறது கிளாத். மேசை தொடைக்கற துணி நாலு இருந்தா கிளாத்ஸ். தெச்சு உடுத்திக்கிட்டா கிளோத்ஸ். கிளாத்ஸ் வேற, கிளோத்ஸ் வேறத்தா."

"நம்ம போர்டுல எது எழுதியிருக்கு?"

"ரெண்டும் இல்ல. சில்க்ஸ்னு எழுதியிருக்கு."

"நம்ம கடையில பட்டே இல்லியே."

"அது எந்த இலக்கணத்துலயும் வராத பன்மை. அதை நீங்க அல்லாகிட்ட நேரா பேசிக்குங்க."

அத்தா சிரித்துச் சிரித்து இருமினார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பிய மூன்று பேர் அன்று அந்தக் கடையில் இருந்தோம்.

வேலைக்கு வந்திருந்தவர்களும் மூன்று பேர். ஒருவர் பாதியிலேயே போய்விட்டார். மீதம் என் தங்கையும், தெற்கே வெகு தூரத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம்பெண்ணும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பள்ளிக்கு வழி கேட்கவே பஸ் ஸ்டாப்பில் திண்டாடியதாக அவளே வராந்தாவில் என்னிடம் மலையாளத்தில் சொன்னாள். தேர்வுக் குழுவில் ஹெச்.எம்., பெற்றோர் சங்கத்திலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர். ஓய்வுபெற்றவர் நிபுணர் என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தார். ஹெச்.எம்.முக்குச் சந்தையில் காய்கறி வாங்குகிற அளவுக்குத் தமிழ் தெரியும். மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை. தமிழ் டிவிஷனுக்கு ஆள் எடுக்க அமர்ந்திருந்த குழு இது.

வகுப்பின் ஜன்னல்கள் திறந்திருந்தன. நான் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

தங்கை முதலில் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டி, பேப்பர் என்றால் காகிதம், நாளிதழ் என்று இரண்டு பொருளையும் சொன்னாள். பிறகு லாரியின் ஜெராக்ஸை எடுத்தாள்.

"செக்போஸ்ட்ல கையைக் காட்டி நிறுத்தி, அப்பாகிட்ட என்ன கேப்பாங்க?"

"பேப்பர்ஸ்!" வகுப்பே கத்தியது.

"ஒரே ஒரு காகிதத்தைக் காட்டினா விடுவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர். அதுகூட வேற ஒண்ணும் வெச்சுக் குடுக்கோணும்" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. காகிதம் என்ற பொருளில் பேப்பருக்குப் பன்மை வராது, ஆவணம் என்ற பொருளில் பேப்பர்ஸ் என்றுதான் வரும் என்று அவள் சொன்னபோது எல்லாத் தலைகளும் ஆடின. துணிகளும் சட்டையும் வந்தன. அடுத்து குவார்ட்டர். கால் பங்கு என்றாள். பன்மையில் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"எங்கப்பா வாங்கறது குவார்ட்டருங்க டீச்சர். எங்க சித்தப்பா இருக்கறது குவார்ட்டர்ஸ்" என்றது ஒரு பிள்ளை. சித்தப்பா சிமென்ட் கம்பெனிக்காரர் போல.

"ரொம்பச் சரி. ஒண்ணுல குடி, இன்னொண்ணுல குடியிருப்பு" என்றாள் தங்கை. பெஞ்சுகள் அதிர்ந்தன. நிபுணர் ஹெச்.எம்.மின் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். ஹெச்.எம். உதட்டைப் பிதுக்கினார்.

மூக்குக் கண்ணாடி வந்தது. பார்க்க ஒன்று, சொல்ல கிளாஸஸ் என்றாள். டீ குடிக்கிற கிளாஸ் ஒன்று என்றால் கிளாஸ், இரண்டு என்றால் கிளாஸஸ். ஆனால் முகத்தில் மாட்டுகிறது எப்போதும் கிளாஸஸ். முதல் பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எழுந்தது.

"ஒரு பக்கம் ஒடைஞ்சு உளுந்துருச்சுன்னா, அப்ப கிளாஸுங்களா டீச்சர்?"

பல வருடம் செய்தி திருத்திய எனக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளையால்தான் அதன் எல்லையைப் போய்த் தொட முடியும். தங்கை கண்ணாடியைத் தன் முகத்தில் மாட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அப்பவும் கிளாஸஸ்தான் கண்ணு. ஒடைஞ்சு போன கிளாஸஸ்" என்றாள்.

அப்போதுதான் நிபுணர் கையைத் தூக்கினார்.

"டீச்சரே, அர்த்தம் மலையாளத்தில் பறஞ்ஞு கொடுக்கூ."

பொருளை மலையாளத்தில் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார். அவள் மலையாளத்திலேயே பதில் சொன்னாள். இது தமிழ் டிவிஷன், சார். இந்தப் பிள்ளைகளுக்கு மலையாளம் சரியாக வராது.

"அதறியாம். நமக்கும் மனசிலாகண்டே?"

அது தெரியும், எங்களுக்கும் புரிய வேண்டாமா என்கிறார். பாடம் யாருக்காக நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எனக்கு எந்தப் பேட்டியிலும் கிடைத்ததில்லை.

தங்கையின் மலையாளம் நல்ல மலையாளம். மவுஸை எடுத்து, எலிக்குப் பன்மை மைஸ், இந்த இயந்திரத்துக்கு மைஸ் என்றும் மவுஸஸ் என்றும் இரண்டும் வழங்குகின்றன என்று மலையாளத்தில் அழகாக விளக்கினாள். குழுவின் பேனாக்கள் ஓடத் தொடங்கின. வகுப்பு அமைதியானது. சற்று முன் கத்திய பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு, விருந்தாளி வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். இரட்டைப் பின்னல் பிள்ளை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் காதில் எதையோ சொன்னது. அது என்ன என்று எனக்குத் தெரியும். நாங்கள் படித்த காலத்திலிருந்து அந்த வகுப்பில் நடப்பதுதான் அது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வழக்கம். தமிழ் தெரியாத ஆசிரியர் தமிழ் டிவிஷனுக்கு வந்தால், கொஞ்சம் மலையாளம் தெரிந்த ஒரு பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார். அந்தப் பிள்ளை எழுந்து திரும்பி அதைத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் என் தங்கைதான் அந்தப் பிள்ளை. கடையில் வளர்ந்ததால் அவளுக்கு மலையாளம் வந்தது. பாடவேளை முழுவதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். தவறாகச் சொன்னால் ஆசிரியர் திட்டினார். சரியாகச் சொன்னதைப் புரிந்துகொள்ளாத பிள்ளைகள் இடைவேளையில் தலையில் குட்டினார்கள். அவளுடைய நோட்டில் மட்டும் எதுவும் எழுதப்பட்டிருக்காது. எழுத நேரம் ஏது? வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டைப் பார்த்து எழுதுவாள். "நம்ம பள்ளிக்கூடத்துல எடம் வரட்டும்" என்று அவள் ஏன் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அந்த ஜன்னலருகே நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்டர்வியூவில் நிபுணர் பீப்பிள் என்ற சொல்லின் பன்மையைக் கேட்டிருக்கிறார். பீப்பிளே பன்மைதான், ஆனால் தனித்தனி மக்களினங்களைக் குறிக்கும்போது பீப்பிள்ஸ் என்று வரும் என்று இவள் சொன்னாள். ஒரு வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். "டூ பீப்பிள்ஸ் லிவ் இன் திஸ் டவுன்" என்றாள். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. அவர் ஃபைலை மூடிவிட்டு, போகலாம் என்றாராம்.

முடிவு இரண்டு நாளில் தெரிந்தது. வேலை தெற்கிலிருந்து வந்த பெண்ணுக்கு.

நான் ஹெச்.எம்.மைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். டெஸ்கில் நிருபர்களிடம் கேட்பதைப் போலவே கேட்டேன். முடிவு செய்தது யார்? கமிட்டி. கமிட்டியில் தமிழ் தெரிந்தவர் யார்? டீ ஆறிவிடும் என்றார். என் தங்கைக்கு மதிப்பெண் எங்கே குறைந்தது? அதற்குப் பதில் இருந்தது. வகுப்பில் சத்தம் கூடுதல். அதோடு பாடத்தின் பெரும்பகுதி கமிட்டிக்குப் புரியாத மொழியில் நடந்ததால் மதிப்பெண் போட வழியில்லை.

"தமிழ் டிவிஷன்ல தமிழ்ல சொன்னதுக்கு மார்க் போட முடியாதா சார்?"

"நிங்ஙள் வெஷமிக்கண்டா. அடுத்த கொல்லம் நோக்காம்."

வருத்தப்பட வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த நோக்காம் நன்கு தெரியும். ரேஷன் கார்டில் பெயர் தவறானாலும் நோக்காம், தமிழ்ப் பாடப்புத்தகம் பள்ளி திறந்து வெகுநாளாகியும் வராவிட்டாலும் நோக்காம். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்காமல் இருப்பதற்கு அதைவிட மரியாதையான சொல் கிடையாது. வந்திருக்கும் டீச்சர் தமிழ் எப்படிப் பேசுவார் என்று கேட்டேன். போகப் போகப் பழகிவிடுவார் என்றார். பிள்ளைகளுக்கும் மலையாளம் பழகிவிடும், அது அவர்களுக்கு நல்லதுதானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

டீயைக் குடிக்காமல் வந்தேன்.

இதைச் செய்தியாக்கலாம் என்று என் பழைய டெஸ்க்குக்குப் போன் செய்தேன். அங்கிருந்த நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது அந்தப் பக்கத்து விஷயமாச்சே. நம்ம எடிஷன்ல எங்க போடறது?" என்றார். இங்குள்ள மலையாளப் பத்திரிகையின் நிருபரைப் பிடித்தேன். "அது நிங்களுடே தமிழ் விஷயமல்லே" என்றார். அது உங்கள் தமிழ் விவகாரம் அல்லவா என்று பொருள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் கேரளப் பிரச்சினை, இந்தப் பக்கம் வந்தால் தமிழர் பிரச்சினை. எந்தப் பக்கத்திலும் செய்தியாகாத ஒரு வகுப்பறை.

புதிய டீச்சர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் பிழைப்பு வேண்டும். சேர்ந்த வாரமே தலையணை உறை வாங்கக் கடைக்கு வந்தாள். யார் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, என் தங்கையிடம் ஒன்று கேட்டாள்.

"சேச்சீ, 'மிண்டாதிரி' என்னதுக்கு தமிழில் எந்தா?"

பேசாமல் இரு என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்கிறாள். அந்த வகுப்பில் அவளுக்கு முதலில் தேவைப்பட்ட தமிழ் அதுதான்.

தங்கை உறையை மடித்துக் கவரில் போட்டபடி சொன்னாள். "அது அப்பறம். முதல்ல 'சொல்லு'ங்கற வார்த்தையைப் படிச்சுக்குங்க. சொல்லு."

"சொல்லு" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஹெச்.எம். போன் செய்தார். சிறிய உதவி. தினம் ஒரு பாடவேளை மட்டும் என் தங்கை வந்து, டீச்சர் சொல்வதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். பதவி எதுவும் தர முடியாது. பஸ் செலவுக்குப் பெற்றோர் சங்கத்தில் பேசிப் பார்க்கலாம். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே போகலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நான் போனைப் பிடுங்கியிருப்பேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"சார், அந்த வேலையை நான் அஞ்சாம் கிளாஸ்லயே பாத்துட்டேன். பி.எட். படிச்சுட்டு மறுபடியும் பாக்க மாட்டேன். டீச்சராக் கூப்பிடுங்க, இன்னைக்கே வர்றேன்."

போனை வைத்தபின் அத்தா மெல்லக் கேட்டார். "புள்ளைங்க பாவமில்லியாம்மா?"

"பாவந்தான். நான் போனா வகுப்பு நடக்கும். வகுப்பு நடந்தா, அவங்க செஞ்சது தப்புன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த வருசமும் இதையே செய்வாங்க. அப்பவும் நான் போகணும்."

அத்தா கல்லாப்பெட்டியைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினார். எனக்கோ அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியாகப்பட்டது. பெற்றோர்களிடம் பேசுகிறேன் என்று கிளம்பினேன். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போடலாமா என்றதும் பார்வை வேறு பக்கம் போனது. ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார். "ஏனுங்க, நாளைக்கு டிவிஷனையே மூடிப்போட்டாங்கன்னா நாங்க எங்கீங்க போறது?" அந்தப் பயத்தை மலிவானது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பயத்தின்மேல்தான் அந்த ஆபீஸ் அறை நிம்மதியாக டீ குடிக்கிறது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், முன்பு வண்டிப் பேப்பர்ஸ் கொடுத்த டிரைவரின் மனைவி கடைக்கு வந்தார். கூட இரட்டைப் பின்னல் பிள்ளை. கண்ணாடிக் கேள்வி கேட்ட அதே பிள்ளை. அவருடைய மகள்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜாக்கெட் துணியைப் புரட்டினார். எதுவும் வாங்குகிற மாதிரித் தெரியவில்லை.

"என்ன அக்கா, புள்ள பள்ளிக்கூடம் போகலியா?" என்றாள் தங்கை.

"காத்தால எந்திரிச்சா வவுத்து வலிங்கறாளுங்க டீச்சர். ஆஸ்பத்திரில காட்டினா ஒண்ணுமே இல்லீங்கறாங்க. இவளைத்தான் மொத பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. அந்தம்மா மலையாளத்துல சொல்றத இவ தமிழ்ல சொல்லோணுமாம். இவளுக்கே அரையுங்குறையுமாத்தான் வருது. தப்பாச் சொல்லிப்போட்டான்னு புள்ளைங்க அல்லாம் சேந்துக்கிட்டு இவளைக் கிள்ளி வெக்குதுங்க."

பிள்ளை முழங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"அதுக்குத்தானுங்க வந்தேன். இவளுக்குக் கொஞ்சம் மலையாளம் நல்லாச் சொல்லிக் குடுத்தீங்கன்னா, தப்பில்லாமச் சொல்லிக்குவா. உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன்."

ஆங்கில ஆசிரியை வேலை மறுக்கப்பட்டவளிடம், அந்த ஆங்கில வகுப்பில் மொழிபெயர்க்க ஒரு பிள்ளையைத் தயார் செய்து கொடுங்கள் என்று ஒரு தாய் கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்து வேறு வழியில்லாததால் கேட்கிறாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல் என்று மனதுக்குள் கத்தினேன். போனில் ஹெச்.எம்.மிடம் சொன்னதை இங்கேயும் சொல்.

தங்கை பிள்ளையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்து கன்றியிருந்தது.

"மலையாளம் வேண்டாம்" என்றாள். "நாளைக்கு என்ன பாடமோ அதை இன்னைக்குச் சாயங்காலமே இங்க வந்து தமிழ்ல கேட்டுக்கட்டும். பொருள் முன்னாடியே தெரிஞ்சா டீச்சர் என்ன சொன்னாலும் இவளால சொல்லிட முடியும். பள்ளிக்கூடம் விட்டதும் அனுப்பி வைங்க."

அவர்கள் போனபின் நான் கீழே இறங்கி வந்து சண்டை போட்டேன். மாட்டேன் என்று சொன்ன வேலையைத்தானே இப்போது செய்யப் போகிறாய், அதுவும் இன்னும் மறைவாக? அவள் துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அவரு கேட்டப்ப முடியாதுன்னு சொல்ல முடிஞ்சுது. இவ கையப் பாத்துட்டு எப்படிக்கா சொல்லச் சொல்றே?" என்றாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நியாயமான கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்காதபோது, அது வீட்டுக்குள்தான் வந்து உட்காருகிறது.

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் அந்தப் பிள்ளை கடைக்கு வருகிறது. துணிக்கட்டின்மேல் ஏறி உட்காரும். தங்கை வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டே பாடம் சொல்வாள். லீஃப் ஒன்று, லீவ்ஸ் பல, ஆனால் ஹெச்.எம்.மிடம் எழுதிக் கேட்கிற லீவ் வேறு. மேனர் என்றால் விதம், மேனர்ஸ் என்றால் நடந்துகொள்கிற முறை. பிள்ளை சிரித்தது என்றால் பாடம் முடிந்தது என்று பொருள். மறுநாள் அதே சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவுகிறது என்று கேள்விப்பட்டேன். வயிற்று வலி நின்றுவிட்டது. முழங்கையில் புதுக் காயம் இல்லை.

ஓணத்துக்குச் சில நாள் முன் ஹெச்.எம். வேட்டி எடுக்க வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். பிள்ளை அவரைப் பார்த்ததும் துணிக்கட்டிலிருந்து இறங்கி, போர்வை அடுக்குக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய சந்தைத் தமிழ் கொஞ்சம் முன்னேறியிருந்தது.

"ஒரு பிரச்னமும் இல்லா. புது டீச்சர் நல்லா எடுக்கறாங்க. குட்டிகளுக்கெல்லாம் நல்லா மனசிலாகுது. அன்னைக்கு நீங்க வெறுதே கோபப்பட்டீங்க."

வீணாகக் கோபப்பட்டேனாம். எனக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு போர்வை அடுக்கைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் அவர் பக்கம் திரும்பி, "கரை எந்தக் கலர்ல பாக்கறீங்க சார்?" என்றாள்.

அவர் நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். தங்கை மடித்துக் கொடுத்தாள். தெருமுனை திரும்பும்வரை பிள்ளை வெளியே வரவில்லை. வந்ததும் கேட்டது.

"டீச்சர், நான் இங்க படிச்சுட்டுப் போயித்தான் சொல்றேன்னு சாருக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

"தெரிஞ்சா திட்டுவாருங்களா?"

"திட்ட மாட்டாரு கண்ணு" என்றாள் என் தங்கை. "சந்தோஷப்படுவாரு."

பிள்ளை நிம்மதியாகத் துணிக்கட்டின்மேல் ஏறி, நாளைய பாடத்தைத் திறந்துவைத்தது.